பதினேழாம் நிரைக்கு வந்தவர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. அரைப் பக்க அளவு. தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. மடிப்பில் மூன்று இடங்களில் கிழிந்துபோய், பின்புறம் ஒட்டுப் போட்டிருக்கிறேன். மேலே கொட்டை எழுத்தில் ‘பதினேழாம் நிரைக்கு வந்தவர்’ என்று ஒரு சிறுகதையின் தலைப்பு. அதன் கீழே எழுதியவரின் பெயர். அந்தப் பெயரின்மீது சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக இரண்டு கோடுகள். பக்கத்தில் அதே சிவப்பில், ஆங்கில எழுத்தில், வேறொரு பெயர். அடிக்கப்பட்ட பெயர் என் அண்ணியுடையது. எழுதப்பட்ட பெயர் என்னுடையது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை நான் பத்திரமாக வைத்திருப்பது பாசத்தால் என்று என் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அதை நான் வைத்திருந்தது பொறாமையால். அவ்வப்போது எடுத்துப் படிப்பேன், ஏதாவது குறை தட்டுப்படாதா என்று பார்ப்பேன், தட்டுப்படாது, மடித்து வைத்துவிடுவேன்.

அப்போது நாங்கள் மலாயாவில், பெடாஸுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலம். மூன்று டிவிஷன்களில் சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, பெயர்த்துக்கொண்டுவந்து ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடமாக வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அரிசி அளந்துதான் கிடைக்கும். கடையில் டின் பால் வாங்கினால் கடைக்காரர் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், வைத்திருந்து வேறு யாருக்கும் கொடுக்க முடியாதபடி. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வேலி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்களை ஆண் போலீஸ் தடவிப் பார்ப்பான். பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்க்காரப் பெண்மணி வந்திருந்தார். நிரைக்குள், அதாவது அவரவர் வெட்டும் மர வரிசைக்குள், ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சாய்வாகக் கீறி, வடியும் பால் எடுத்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, வேலிக்குள் திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும்.

நான் ஆபீசில் சின்ன கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் ஏழாவதுவரை படித்தவன். வெள்ளைச் சட்டை, பையில் ஊற்றுப்பேனா, வாசலில் என்னை மட்டும் சோதிக்காமல் விடுவார்கள். என்னை நான் எழுத்தாளன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்குப் பதினொரு கதைகள் அனுப்பியிருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. என் கதைகளில் அரண்மனை வரும், நிலா முற்றம் வரும், இளவரசிகள் பெருமூச்சு விடுவார்கள். அரண்மனையை நான் கண்டதில்லை. பெருமூச்சைக் கண்டிருக்கிறேன், மேட்டில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும் பெண்களிடம். அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணி, புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தோட்டப் பள்ளியில் நாலாவதோடு நின்றுவிட்டார். அண்ணன் பால் லோரி ஓட்டினார், அண்ணி மரம் வெட்டினார். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நால்வரும் ஒரே வீட்டில். அண்ணி பேச்சில் சிக்கனக்காரர். நான் என் கதைகளை உரக்க வாசித்துக் காட்டும்போது அடுப்பைப் பார்த்தபடியே கேட்பார். முடிந்ததும் “நல்லா இருக்கு தம்பி” என்பார். எல்லாக் கதைக்கும் அதே சொல், அதே குரல். அது பாராட்டு என்றுதான் நான் வெகுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் துரை பங்களாவின் சமையற்காரர், துரை கழித்துப்போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எனக்குக் கொடுத்தார். அட்டையில் தலையில் விளக்கு எரியும் இரும்பு மனிதர்கள். உள்ளே ஒரு கதை, வேறொரு கிரகத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் கப்பலாக இறங்கி நெருப்பைக் கக்கி ஊரை எரிக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது அதைக் கைகால் ஆட்டி, சத்தமெல்லாம் எழுப்பி வீட்டில் சொன்னேன். அண்ணன் வாயைப் பிளந்து கேட்டார். அண்ணி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஒருத்தர் மட்டும் வந்தா என்னா செய்வாரு தம்பி?” ஒருவன் வந்து என்ன கிழிக்கப்போகிறான், ஒருவனை வைத்து யுத்தம் எப்படி நடத்துவது என்று நான் சிரித்தேன். இந்தக் கேள்வியை நான் பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். பத்திரிகை என்னுடையது, கதை சொன்னது நான், அப்படியானால் விதை என்னுடையதுதானே என்று எனக்கு நானே வழக்காடியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தார்கள். பறக்கும் தட்டு பற்றி எங்கே பார்த்தாலும் பேச்சு. அதனால் வானத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றிக் கதை கேட்டிருந்தார்கள். நான் சந்திர மண்டலத்து இளவரசி ஒருத்தியை உருவாக்கி முப்பது பக்கம் எழுதினேன். அண்ணி எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது. குழந்தை தூங்கும் பிற்பகல்களில் என்று பிறகு அண்ணன் சொன்னார். ஒருநாள் பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒன்பது தாள்களை என்னிடம் நீட்டி, “நல்ல எழுத்துல எழுதி உன்னோடதையும் சேர்த்துப் போட்டுடு தம்பி” என்றார். அண்ணிகூட எழுத வந்துவிட்டாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கை இரண்டாம் தாளோடு நின்றுபோயிற்று.

கதை இதுதான். மரம் வெட்டும் ஒரு பெண் விடிகாலையில் தன் பதினேழாம் நிரையில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். சிப்பாயும் இல்லை, காட்டுக்காரனும் இல்லை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் சப்பாத்து உண்டு, இவருக்குக் கால்தடமே இல்லை. உலரப் போட்ட ரப்பர் ஷீட் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் தோல். பயந்துபோய் நிற்கிறவள் முதலில் கேட்பது, “சாப்பிட்டீங்களா?” அவருக்கு அது புரியவில்லை. கொடுக்க அவளிடமும் ஒன்றும் இல்லை, வாசலில்தான் சோதனை ஆயிற்றே. மறுநாள் ஒரு பிடி சோற்றை வாழையிலைத் துண்டில் பொதிந்து கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டு வருகிறாள். அவர் சாப்பிடத் தெரியாமல் சோற்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவள்தான் உருட்டிக் கொடுக்கிறாள். யாரோடு வந்தீர்கள் என்று கேட்கிறாள், அவர் வானத்தைப் பார்ப்பதில்லை, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவள் மரம் வெட்டுவதைப் பார்த்து ஒருநாள் கத்தியை வாங்கி அவரும் வெட்டுகிறார், ஆனால் கோடு எதிர்ப்பக்கமாகச் சரிகிறது. ஒருநாள் அவர் இல்லை. ஒரே ஒரு மரத்தில் மட்டும் எதிர்ப்பக்கமாக வெட்டிய கோடு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறையப் பால், உச்சிவெயில் ஏறியும் உறையாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மங்குப் பாலை அவள் வாளியில் ஊற்றவில்லை. அதோடு கதை முடிந்துவிட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம். இளவரசி இல்லை, வர்ணனை இல்லை, ஒரு இடத்தில்கூட யாரும் அழவில்லை, பேசுகிறபடியே எழுதியிருந்தார். ஆனாலும் ஒன்பது தாளையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, ஆபீஸ் வாசலில் நின்று ரப்பர் மரங்களைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற மரங்கள், அன்று அவற்றுக்கு நடுவில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. என் முப்பது பக்கம் எனக்கே அப்படி எதையும் செய்ததில்லை. “வந்தவன்னு போடாம வந்தவர்னு ஏன் போட்டீங்க?” என்று மட்டும் அண்ணியிடம் கேட்டேன். “நம்ம இடத்துக்கு வந்தவங்கள அவன் இவன்னா சொல்றது?” என்றார். நல்ல எழுத்தில் பிரதி எடுத்தேன். முடிவு மொட்டையாக நிற்பதாகப் பட்டது. அண்ணியிடம் கேட்காமல் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘அன்புக்கு வேலி ஏது என்று அவளுடைய உள்ளம் உருகி விம்மியது’ என்று. சேர்த்த பிறகுதான் கதை கதையாயிற்று என்று தோன்றியது. இரண்டு கதைகளையும் தனித்தனி உறையில் போட்டேன்.

அண்ணியின் கதை வந்தது. அரைப் பக்கம், கட்டம் போட்டு. இளவரசி போன இடம் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றியது, படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். அண்ணன் லோரியில் ஒரு பிரதியைச் சொருகி வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். பெரிய கிராணிகூட என்னைக் கூப்பிட்டு, “அண்ணி பெரிய ஆளா இருக்காங்களே” என்றார். பத்து நாள் சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்துப்போயிற்று. வீட்டில் என் பேனாவைத் தொடவே இல்லை. அண்ணி எனக்குச் சோறு போடும்போது அந்தக் கையைப் பார்ப்பேன். காய்த்துப் போன, விரலிடுக்கில் ரப்பர் பால் கறுத்துப் படிந்த கை. இந்தக் கைக்கு எப்படி வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று வயிறு எரியும். அந்த எரிச்சலோடு, அவர் போட்ட சோற்றையே சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேன்.

ஆனால் கதை வேறொரு வேலையும் செய்துவிட்டது. வாசலில் சோதிக்கும் பெண்மணிக்கு யாரோ அந்தக் கொண்டைச் சங்கதியை மலாயில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. எண்பது பெண்கள், எண்பது கொண்டைகள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் எடுப்புக்கு, தினமும் நேரம் தப்பியது, மேஸ்திரியான மண்டோர் கத்தினார், எண்ணெய் வைத்து இறுக முடிந்த கூந்தலை அந்த அரையிருட்டில் அவிழ்த்து மறுபடி முடிவதற்குள் பெண்களுக்குப் பொறுமை போயிற்று. “ஒன் கதையால வந்த வெனைடி” என்று அண்ணியைத் திட்டினார்கள். அண்ணி எல்லோருக்கும் முன்னால் போய்த் தன் கொண்டையை முதலில் அவிழ்த்துக் காட்டுவார். இதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரத்தில்தான் நான் அதைச் சொன்னேன். பால் ஸ்டோரில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. மண்டோர், எல்லோர் காதிலும் விழும்படி, “இருந்தாலும் ஒங்க அண்ணி தலையில இவ்வளவு சரக்கு இருக்கும்னு நெனைக்கவே இல்ல கிராணி. நீங்க இத்தன வருசமா எழுதி என்னா பிரயோசனம்லா” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னேன்: “தலையில என்னா சரக்கு? அவங்களுக்கு யோசிச்செல்லாம் எழுத வராது. நெரையில யாரையாச்சும் பார்த்திருப்பாங்க. அத அப்படியே எழுதி, வானத்துல இருந்து வந்தாருன்னு மாத்திட்டாங்க. அவ்ளோதான்.” சிரிப்பு நின்றது. அண்ணி அதை யோசித்து உருவாக்கினார் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. வேறு எதை வேண்டுமானாலும் சொல்ல நாக்கு தயாராக இருந்தது. என்ன சொன்னேன் என்பது நிறுவைத் தட்டில் அடுத்த வாளி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அது ஸ்டோர் வாசலில் காவல் நின்ற போலீஸ்வரைக்கும் போய்விட்டிருந்தது.

நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. துரையின் அறையில் மேசைமேல் பத்திரிகைத் துண்டு கிடந்தது. என்னைக் கூப்பிட்டு அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். வரி வரியாகச் சொன்னேன். என் இளவரசியை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அறை சிரித்திருக்கும். இந்தக் கதைக்கு ஆங்கிலத்திலும் ஒன்றும் குறையவில்லை. மங்குப் பால் சொட்டும் இடத்தில் துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்த நிலைமையிலும் நான் அதைக் கவனித்தேன். பிறகு அண்ணியை நிரையிலிருந்து கூட்டி வந்தார்கள். தலைத்துணி இல்லை. வழியிலேயே சோதித்திருக்கிறார்கள், கூந்தல் அவிழ்ந்து முதுகில் கிடந்தது. கேள்விகளை நான்தான் தமிழில் கேட்க வேண்டும், பதிலை நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

வந்த ஆள் யார், எத்தனை நாள் சோறு கொண்டுபோனாய் என்று கேட்டார்கள். கேட்டேன். “யாரும் வரல. நானா நெனைச்சு எழுதுனது” என்றார் அண்ணி. அதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அண்ணியின் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். நாலாவது படித்த, மரம் வெட்டும் ஒரு பெண்ணுக்கு வேறு கிரகத்து மனிதன் எங்கிருந்து வருவான் என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அவளுக்கு யோசிக்க வராது, பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள் என்று நீயே சொன்னாயாமே?” துரை மெதுவாக, விளக்கம் சொல்லும் குரலில் சொன்னார். சோறு கொடுத்ததாக முடிவானால் முகாமில் அடைப்பார்கள், பிறகு குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தியாவை அண்ணனும் பார்த்ததில்லை, அண்ணியும் பார்த்ததில்லை. குழந்தை அப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அது அண்ணியின் கற்பனைதான், நான் சொன்னது வெறும் வயிற்றெரிச்சல் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பியிருக்கவும் கூடும். சொல்லிப் பார்க்கவில்லையே. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது, “கதை என்னுடையது. நான்தான் எழுதினேன். அண்ணியின் பெயரில் அனுப்பினேன்.” பிரதி என் கையெழுத்தில் இருக்கிறது, பத்திரிகை ஆபீசில் கேட்டுப் பாருங்கள் என்றேன். பெண் பெயர் இருந்தால் போடுவார்கள் என்று அப்படிச் செய்தேன், குட்டு வெளிப்படாமல் இருக்க ஸ்டோரில் ஏதோ உளறினேன் என்றேன். பொய் அருவியாகக் கொட்டியது. இந்த அளவுக்குச் சரளமாக நான் கதை எழுதியதில்லை.

உடனே நம்பிவிட்டார்கள். அதுதான் விஷயம். இருவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது, சட்டைப் பையில் பேனா வைத்த கிராணி எழுதினான், சரியாகத்தான் இருக்கிறது என்று. இன்ஸ்பெக்டர் ஒன்றே ஒன்று கேட்டார், அந்த ஆள் ஏன் எதிர்ப்பக்கமாக வெட்டுகிறான் என்று. எனக்குத் தெரியாது. “வேறு உலகம் அல்லவா, அங்கே எல்லாமே தலைகீழ்” என்றேன். புத்திசாலித்தனமான பதில் என்று துரை தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் சிவப்புப் பென்சிலை எடுத்து அண்ணியின் பெயரை அடித்து என் பெயரை எழுதினார். இனி எதை எழுதினாலும் துரையிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று எச்சரித்துத் துண்டை என் பக்கம் தள்ளினார். அதைப் பார்த்தபோது எனக்கு இனித்தது. அண்ணி தப்பித்ததால் வந்த நிம்மதி வேறு, இது வேறு. அந்த அரைப் பக்கக் கதைக்கு என் பெயர். அந்த இனிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “நான் எழுதுனதா சொல்லிட்டேன் அண்ணி. ஒங்கள விட்டுட்டாங்க.” அவர் என்னைப் பார்த்தார். “சரி தம்பி,” என்றார். பிறகு, “கொண்டைய முடிஞ்சிக்கலாமான்னு கேளு” என்றார். கேட்டேன். இன்ஸ்பெக்டர் கையசைத்தார். அண்ணி இரண்டு கையாலும் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு நிரைக்குத் திரும்பிப் போனார், பால் உறைவதற்குள் எடுக்க வேண்டுமே.

தோட்டமும் அப்படித்தான் நம்பியது. “அதானே பார்த்தேன்” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பெண்களின் கோபம் அண்ணியை விட்டு என்மேல் கேலியாக மாறியது. “வானத்து மாப்பிள்ளை” என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். அண்ணன் மட்டும் சில நாள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார், பிறகு அவரும் பழகிவிட்டார். தன் குடும்பத்தைக் காப்பாற்றியவன் அல்லவா நான். அதற்கப்புறம் நல்ல நாள் பெரிய நாள் என்றால் பாயசத்தில் முதல் கிண்ணம் எனக்குத்தான் வரும், அண்ணியே கொண்டுவந்து வைப்பார். நான் கை நீட்டி வாங்கிக்கொள்வேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் ஆபீசிலிருந்து ஏதோ மறந்துபோனதை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அண்ணி தனியாக உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி இடது கையில் இருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று வலக்கைக்கு மாற்றினார். அண்ணனிடம் கேட்டேன். “அது பொறந்ததிலேருந்தே பீச்சாங்கைடா. மரம் வெட்டச் சேர்ந்தப்போ கோடு எதிர்ப்பக்கமா போவுதுன்னு அவங்க ஊருத் தோட்டத்துக் கங்காணி அடிச்சு அடிச்சு வலக்கைக்கு மாத்திட்டாரு. நாலு பேரு முன்னால பீச்சாங்கைய நீட்டாது” என்றார். எதிர்ப்பக்கமாக வெட்டியவர் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் எழுதியதாகச் சொன்ன கதைக்கு எனக்கே அர்த்தம் தெரிந்திருக்கவில்லை. வெட்கப்பட்டேன். அதைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன். எல்லார் கண்ணிலிருந்தும் ஒளித்து வைத்த ஒரு கையை எடுத்து வானத்திலிருந்து வந்தவருக்குக் கொடுத்துவிட்டாரே, இதெல்லாம் ஒருத்தருக்கு எங்கிருந்து தோன்றும்.

அண்ணி அதன்பிறகு எழுதவில்லை. நானும் எழுதவில்லை, துரையிடம் காட்ட வேண்டும் என்பதைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். வேலி போயிற்று, துரை போனார், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், அண்ணன் காலமானார். நான் சிரம்பானில் வீடு கட்டிக்கொண்டேன். அண்ணி நீலாயில் மகளோடு இருக்கிறார். சென்ற மாதம் சில இளைஞர்கள் தொலைபேசியில் பேசினார்கள். பழைய தோட்டப்புறக் கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்களாம். “ஐயா, நீங்கள் அண்ணி பெயரில் எழுதிய அந்த அறிவியல் கதை வேண்டும், உங்கள் பெயரிலேயே போடுகிறோம்” என்றார்கள். தோட்டத்து ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “சரி” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். இரண்டு நாள் அந்தச் சரியோடு இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலை துண்டை எடுத்துக்கொண்டு நீலாய்க்கு ரயில் ஏறினேன்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். அண்ணி சாப்பாட்டு மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இடது கையால், ஒளிக்காமல். புத்தக விஷயத்தைச் சொன்னேன். பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பால் ஸ்டோரில் பேசியது நான், போலீசை வரவழைத்தது என் வாய், உங்களைக் காப்பாற்றியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நான்தான் மாட்டிவிட்டேன் என்று. இனிமேல் பாயசத்தில் முதல் கிண்ணம் எனக்கு வராமல் போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அண்ணி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்” என்றார். “மண்டோர் சம்சாரம் அன்னிக்கே சொல்லிட்டா.”

“அப்புறம் ஏன் ஒங்க வாயால ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டு? நீ நம்ம வீட்டுப் புள்ள. ஒன்ன எங்க கொண்டுபோயி விடுறது.” ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தார். “கோவம் இல்லாம இல்ல. ரொம்ப நாளு இருந்துச்சு.”

ஏன் அப்புறம் எழுதவே இல்லை என்று கேட்டேன். நிரையில் மரம் வெட்டும்போதுதான் கதை வரும், அப்புறமும் வந்தது, நிறைய வந்தது என்றார். “யார்கிட்ட குடுக்குறது? வந்துச்சு, போயிடுச்சு.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்து ஐம்பது வருடம் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து படித்தார். பெயரையோ சிவப்புக் கோட்டையோ அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. முடிவுக்கு வந்ததும் என் சட்டைப் பையைக் காட்டிப் பேனா கேட்டார். கொடுத்தேன். இடது கையில் பிடித்து, நான் சேர்த்த அந்தக் கடைசி வரியை, அன்புக்கு வேலி ஏது என்பதை, ஒரு தலையிலிருந்து மறு தலைவரை நிதானமாக அடித்தார்.

“இது நான் எழுதுனது இல்ல. பேப்பர்ல பார்த்த அன்னிலேருந்து இது ஒன்னுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு” என்றார்.

பெயர் என்று இழுத்தேன். “அடிச்சது அவன். அடிக்க வச்சது நீ. நீயே எழுது” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெங்காயத்தை எடுத்தார். அங்கேயே, அந்த மேசையிலேயே எழுதினேன். என் பெயரை அடித்து, அண்ணியின் பெயரைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே, எனக்கு வரும் ஆக நல்ல எழுத்தில். இந்தக் குறிப்பையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பப் போகிறேன்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. துண்டை விரித்து மறுபடி படித்தேன். இப்போது கதை, அந்த மங்குப் பாலை அவள் வாளியில் ஊற்றவில்லை என்பதோடு முடிகிறது. ஐம்பது ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்த குறை நான் சேர்த்த வரிதான். அதையும் எடுத்தாயிற்று. சிரம்பான் வந்து சேரும்வரை எனக்குப் பொறாமையாகவே இருந்தது.